குளிக்காதவருக்குக் குளிசை இல்லை

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. இன்றும் என் வலைப்பூவில் இருக்கிறது. மேலே திருத்தம், கீழே பழைய வாசகம், எந்தப் பத்தி பிழை, எது சரி என்று ஓரத்தில் குறிப்பு. தலைப்பைக்கூட மாற்றவில்லை. பார்க்கும்போதெல்லாம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்திரிகையில் அச்சான பிழையை யாரும் வீடு வீடாகப் போய்ச் சுரண்டி எடுக்க முடியாது. மறுநாள் தாளில் திருத்தம் போடுவார்கள், இரண்டும் நூலகத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கும். அந்த ஒழுங்கில் வளர்ந்தவன் நான். இணையத்தில் எழுதுவதால் அதை விட்டுவிட வேண்டியதில்லை.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்திமேசையில் பல காலம் இருந்தேன். பிறகு சொந்த ஊரான பெல்மதுளைக்கே திரும்பிவிட்டேன். சந்தியில் அப்பா நடத்திய இரும்புக்கடையை இப்போது அண்ணன் பார்க்கிறார். கடைக்குப் பின்னால், கம்பிச் சுருள்களுக்கும் பெயின்ட் வாளிகளுக்கும் நடுவே ஒரு மேசை எனக்கு. வலைப்பூ அங்கேதான் எழுதப்படுகிறது. வாசகர்களில் பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து கொழும்பிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவர்கள்.

அவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி, அரசாங்கப் பலகைகளில் வரும் தமிழ்ப் பிழைகள். ஓர் அலுவலகத்தில் 'வரிசையில் விற்கவும்' என்று எழுதியிருந்தார்கள். இன்னோர் இடத்தில் 'மெதுவாகக் கொல்லவும்.' யாராவது படம் பிடித்து அனுப்புவார்கள், நான் இரண்டு வரி கிண்டலாக எழுதிப் போடுவேன். சிரிப்புக்குப் பின்னால் கோபமும் இருந்தது. எங்கள் மொழியை ஒரு தடவை வாசித்துப் பார்க்கக்கூட ஆள் வைக்காத நாட்டில் வேறென்ன செய்வது? இதைச் சொல்லக் காரணம் உண்டு. நெடுங்காலம் பிழை பொறுக்கிக்கொண்டிருந்த காது, அரசாங்கத் தமிழ் என்றால் பிழைத் தமிழ் என்று கேட்பதற்கு முன்பே முடிவு கட்டிவிடும்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. களு கங்கை ஏறி, தாழ்வான பாதைகளெல்லாம் தண்ணீருக்குள் போயின. என் மனைவியின் பிறந்த வீடு பெல்மதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறது. அங்கே மண் சரிந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்த குழாய் உடைந்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர், லயத்தில் மட்டும் தண்ணீர் இல்லை. பெண்கள் ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்தார்கள். குழாயைப் பற்றி இரண்டு தடவை எழுதினேன். பதில் வரவில்லை.

மனைவியின் தம்பி அந்தத் தோட்டத்தில் கான் வெட்டுபவன். மழைத்தண்ணீர் ஓடுகிற வடிகால்களைத்தான் தோட்டத்தில் கான் என்பார்கள். மழை பெய்தால் அவனுடைய குழுவுக்கு ஓய்வில்லை. முழங்கால் வரை சேற்றில் நின்று, அடைபட்ட கான்களைத் திறந்து விட வேண்டும். அந்தச் சேற்றில்தான் எலிக்காய்ச்சல் இருக்கிறது. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும். கான்களும் மாணிக்கக் கல் தோண்டும் குழிகளும் நிறைந்த இரத்தினபுரிப் பக்கத்தில் இது புதிய விஷயமே இல்லை. மழைக்காலத்தில் சுகாதார அலுவலகம் இப்படி வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு தடவை குளிசை, அதாவது மாத்திரை, கொடுக்கும். காய்ச்சல் வருவதற்கு முன்பே குடிக்க வேண்டிய குளிசை அது.

அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. மனைவி தெரணியகலையில் பெரியம்மா வீட்டுச் சடங்குக்குப் போயிருந்தாள். கடை பூட்டியிருந்தது. கட்டாரில் வேலை செய்யும் வாசகர் ஒருவர், அதே தோட்டத்தில் பிறந்தவர், வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவை அனுப்பினார். கூடவே அவருடைய குறிப்பு: "அண்ணே, கேட்டீங்களா? குளிக்காதவங்களுக்குக் குளிசை இல்லையாம். தண்ணியும் குடுக்க மாட்டானுங்க, நாத்தம்னும் சொல்லுவானுங்க."

அந்தக் குரல் பதிவில் பேசியது அந்தப் பகுதியின் மிட்வைப், அரசாங்க மருத்துவிச்சி. தோட்டத்தில் எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் சிங்களப் பெண். சிங்கள இழுவை கலந்த தமிழ். "கான் வெட்டுறவங்க, கல் குழியில எறங்குறவங்க எல்லாரும் வாரத்துக்கு ஒருக்கா இந்தக் குளுசை குடிக்கோணும். வெறும் வயித்துல குடிக்க வேணாம், சாப்பிட்டுட்டுக் குடிங்க. முழுகாம இருக்கிறவங்க குடிக்க வேணாம். என்கிட்ட வந்து சொல்லுங்க, ஹரியா?"

ஒரு தடவைதான் கேட்டேன்.

முதலில் தலைப்பு வந்தது. 'குளிக்காதவருக்குக் குளிசை இல்லை.' செய்திமேசையில் இருந்த எவருக்கும் இது புரியும்: நல்ல தலைப்பு ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே செய்தி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். குளி, குளிசை. கை தட்டத் தோன்றியது. முழுகாதவர் குளிக்காதவர்தானே என்று அந்த ஒரு சொல்லை மாற்றிக்கொண்டேன்.

முதல் பத்தியில் உடைந்த குழாயைப் பற்றி எழுதினேன். அந்தப் பத்தியில் இன்றைக்கும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். இரண்டாம் பத்தியில், தண்ணீர் தராத நாட்டில் குளிக்காததைக் குற்றமாகச் சொல்கிறார்கள் என்று எழுதினேன். மூன்றாம் பத்திதான் விஷம். 'காய்ச்சலே இல்லாதவனுக்கு எதற்குக் காய்ச்சல் குளிசை? இரத்தம் பார்த்தார்களா? லயத்துக்குள் ஒரு தடவை குனிந்து நுழைந்து பார்த்த நிபுணர் யாராவது உண்டா? தோட்டத்தான் என்றால் எதையும் விழுங்குவான் என்று நினைப்பா?' கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. அவற்றில் எதற்கும் எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரிந்தவரின் எண் என் போனில் இருந்தது. சுகாதாரப் பரிசோதகர், பெல்மதுளையிலேயே குடியிருப்பவர், எங்கள் கடையில் கொங்கிரீட் ஆணி வாங்குகிறவர். போயா அன்று தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதிதாக வேலைக்குச் சேரும் நிருபர்களின் செய்தியில் 'மற்றப் பக்கம் எங்கே?' என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பி அனுப்பியவன் நான்.

பதிவு பரவியது. அதற்கு முன் நான் எழுதிய எதுவும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. மறுநாள் காலை மச்சினன் போன் செய்தான்.

"மச்சான், பின்னிட்டீங்க! பெரட்டுக் களத்துல வச்சு சத்தமா வாசிச்சேன். கங்காணி தலையில கை வச்சிக்கிட்டுச் சிரிச்சாரு."

பெரட்டுக் களம் என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். தோட்டம் முழுக்க அங்கே நிற்கும்.

"குளிசை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க, குடுத்தாங்க. எல்லாத்தையும் கான்லயே போட்டுட்டோம். எலிக்காய்ச்சல் குளிசைதானே, எலியே குடிக்கட்டும்!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லை. 'எலியே குடிக்கட்டும் என்கிறார் ஒரு தொழிலாளி' என்று அதையும் முகநூலில் போட்டேன். அதற்கும் நல்ல வரவேற்பு.

அடுத்து நடந்ததுதான் விஷயத்தைச் சிக்கலாக்கியது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறி வந்தது. இரண்டு கட்டுரைக்கு அசையாதவர்கள் இந்த ஒரு பதிவுக்கு அசைந்தார்கள். பவுசருக்கு முன்னால் குடங்களோடு நிற்கும் படங்கள் எனக்கு வந்தன. 'எழுத்துக்கு வெற்றி' என்று பலர் எழுதினார்கள். நானும் நம்பினேன்.

வெள்ளம் வடிந்து பாதை திறந்ததும் மனைவி தெரணியகலையிலிருந்து வந்தாள். பஸ்ஸிலேயே பதிவைப் படித்துவிட்டாளாம். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் குரலைப் போடுங்க, கேப்போம்" என்றாள். போட்டேன்.

"என்னங்க, இதுல என்ன பிழை?"

"குளிக்காதவங்க குடிக்கக் கூடாதுன்னு சொல்றா இல்லையா?"

"எங்க சொல்றா? முழுகாம இருக்கிறவங்கன்னுதானே சொல்றா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "நம்ம மூத்தவ வயித்துல இருந்தப்ப எங்கம்மா உங்ககிட்ட என்னான்னு சொன்னாங்க?"

மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முகம் காட்டாமல் சொன்னது நினைவுக்கு வந்தது. 'மாப்பிள, அவ முழுகாம இருக்கா.' அன்று எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாதவிலக்கு முடிந்தால் பெண் தலை முழுகுவாள். முழுகாமல் இருக்கிறாள் என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். சந்திக்கு ஓடிப்போய் லட்டு வாங்கி வந்தேன்.

"ஐயோ கடவுளே!" என்று மனைவி சிரிக்கத் தொடங்கினாள். "புள்ளத்தாச்சி குடிக்க வேணாம்னு மிஸ்ஸி சொல்லியிருக்கா, இவரு சோப்பு இல்லன்னு சண்டைக்குப் போயிருக்காரு! பேப்பர்ல இருந்த மனுசன்!" தேத்தண்ணி சிந்தியது. துடைக்கக் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி குடிச்சானா?"

அவளே போன் செய்தாள். நாங்கள் இருவரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். விஷயத்தை அவனிடம் அவள் சொன்னபோது அவனும் சிரித்தான்.

"அப்பிடியாக்கா? சரி விடுங்க. ஆனா மச்சான்கிட்ட சொல்லுங்க, எழுதினதை எடுத்துற வேணாம்னு. எடுத்தா பவுசர நிப்பாட்டிருவாங்க."

"பவுசர் கெடக்குது, நீ போய்க் குளிசைய வாங்கு."

"எப்பிடிக்கா போறது? நான்தானே எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். இப்ப நானே போய்க் கையேந்தினா பயலுக சும்மா விடுவானுகளா? அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம் பார்ப்போம் என்பதில் எனக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. பவுசர் வந்துகொண்டிருந்தது, வாசகர்கள் இன்னும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று நான் செய்தது இதுதான்: இரண்டாம் பத்தியை யாருக்கும் சொல்லாமல் மெல்ல எடுத்தேன். மூன்றாம் பத்தியைத் தொடவில்லை. தலைப்பைத் தொடவில்லை. திருத்தம் என்று ஒரு சொல்லும் போடவில்லை. கோபத்தில் எழுதுவது எவருக்கும் நேரலாம். பிழை என்று தெரிந்த பிறகு சத்தம் போடாமல் ஒரு பத்தியை உருவிக்கொண்டது கோபத்தில் செய்த காரியம் கிடையாது. நன்றாக யோசித்துச் செய்தது. என் வருத்தத்தில் பெரிய பங்கு அதற்குத்தான்.

மழை விட்டு வெயில் வந்த பிறகு மச்சினனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வேலை அலுப்பு என்றான். கெண்டைக்கால் இரண்டும் வலிக்கிறது, மண்வெட்டி பிடித்த வலி என்றான். மனைவி போய்ப் பார்த்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. த்ரீவீலில் ஏற்றி நேராக இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் பஸ்ஸில் பின்னால் போனேன்.

வார்டில் இளம் டொக்டர் ஒருவர் சிங்களத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே வேலை, எவ்வளவு நேரம் தண்ணீரில் நிற்பாய், மூத்திரம் சரியாகப் போகிறதா. குறைந்துவிட்டது என்றான். அவர் முகம் கொஞ்சம் மாறியது. சுகாதார அலுவலகத்தில் குளிசை கொடுத்தார்களே, குடித்தாயா என்று கேட்டார். நான் கட்டிலின் மறுபக்கத்தில் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"அமதக வுணா, டொக்டர்" என்றான். மறந்துவிட்டேன் என்று பொருள்.

தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பவுசருக்காக அவன் பொய் சொல்லவில்லை. எனக்காகச் சொன்னான். படுக்கையில் கிடந்துகொண்டு, காய்ச்சல் கொதிக்க, அக்கா புருசனின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

மறக்கவில்லை டொக்டர், என்றேன் நானும் சிங்களத்தில். நான் எழுதியதை நம்பி எறிந்துவிட்டார்.

என்ன எழுதினீர்கள் என்று டொக்டர் கேட்கவில்லை. அதைக் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு: இவரோடு வேலை செய்கிறவர்கள் குடித்தார்களா?

முதல் வாரம் எறிந்தது தெரியும், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலிலிருந்து மச்சினன் தமிழில் முனகினான், "ஒருத்தனும் குடிக்கல மச்சான். ரெண்டாவது வாரமும் திருப்பி அனுப்பிட்டானுக."

டொக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிறுநீரக நிலையைப் பார்க்க இரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். போகிற போக்கில், அப்படியென்றால் நீங்கள் இங்கே நிற்பதில் பிரயோசனம் இல்லை, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்தார்.

வார்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து போனிலேயே திருத்தம் எழுதினேன். எடுத்த பத்தியைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். அதன் மேலே: 'முழுகாம இருக்கிறவங்க என்றால் கர்ப்பிணிகள். மிட்வைப் நல்ல தமிழில் சரியாகச் சொன்னார். நான் பிழையாகக் கேட்டேன். குளிசை ஏன் காய்ச்சலுக்கு முன்பே கொடுக்கப்படுகிறது என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். என்னை நம்பிக் குளிசையை எறிந்த ஒருவர் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தண்ணீர்க் குழாயைப் பற்றிய பத்தி அப்படியே நிற்கிறது.' இதில் எந்த இடத்திலும் எனக்குத் தயக்கம் வரவில்லை. உண்மை கையில் இருக்கும்போது வாக்கியங்கள் சின்னதாகிவிடும்.

மறுநாள் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். வாசலிலேயே மிஸ்ஸி நின்றிருந்தார். உயரமான, குரல் பெருத்த பெண். நான் யார் என்று சொன்னதும் இடுப்பில் கை வைத்து மேலும் கீழும் பார்த்தார்.

"ஆ, எழுத்தாளர் மாத்தயா! குளிச்சிட்டு வந்தீங்களா?"

உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

"அப்ப சரி. உள்ளுக்கு வரலாம்." ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டார். "நான் வேலைக்கு வந்த புதுசுல கர்ப்பிணி, கர்ப்பிணின்னுதான் கேட்டேன். படிச்சுக்குடுத்தது அப்பிடி. லயத்துப் பொம்பளைங்க வெக்கப்பட்டு உள்ளுக்கு ஓடிருவாங்க. முழுகாம இருக்கியான்னு கேட்டாத்தான் சிரிச்சிக்கிட்டுப் பதில் சொல்லுவாங்க. அனே, இப்ப அதுவும் இல்ல."

"ஏன்?"

"ஒங்க எழுத்துக்குப் பொறகு மேல இருந்து சொல்லிட்டாங்க. குரல்ல ஒண்ணும் அனுப்பக் கூடாது. இனிமே தமிழ்ல கடுதாசி மட்டுந்தான் ஒட்டலாம். மொழிபெயர்த்து, சீல் குத்தி வரும்."

சீல் குத்தி வந்திருந்த அறிவித்தலை எடுத்து நீட்டினார். லயங்களில் ஒட்ட அடுக்கி வைத்திருந்தார்கள். செய்திமேசைப் பழக்கத்தில் என் கண் நேராக மூன்றாவது வரிக்குப் போனது: 'கர்ப்பிணிகள் இக்குளிசையை உட்கொள்ளாதிருப்பதைத் தவிர்க்கவும்.'

இரண்டாவது தடவை வாசித்தேன். பிறகு சத்தமாக வாசித்தேன்.

மிஸ்ஸி நெற்றியைச் சுருக்கினார். "உட்கொள்ளாதிருப்பதை... தவிர்க்க... அப்பிடின்னா குடிக்கச் சொல்லுதா?"

"கட்டாயம் குடிக்கச் சொல்லுது."

அவர் சிங்களத்தில் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. காகிதத்தைப் பறித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். முன்பு இருந்த நானாக இருந்தால் அந்த வரியைப் படம் பிடித்து அன்றே வலைப்பூவில் போட்டிருப்பேன். அது மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டிருக்கும். நான் பேனாவை எடுத்து, இன்னொரு பிரதியின் மூன்றாவது வரியை வெட்டிவிட்டு மேலே எழுதினேன்: 'கர்ப்பிணிகள் (முழுகாம இருக்கிறவங்க) குடிக்க வேண்டாம்.' அலுவலகத்துக்குப் பொறுப்பான டொக்டர் வெளியே வந்தபோது அதைக் கொடுத்தேன்.

அவர் என் பதிவின் சிங்கள மொழிபெயர்ப்பைப் படித்திருந்தார். கோபமாகத்தான் இருந்தார், அதை மறைக்கவும் இல்லை. லயத்துக்குள் குனிந்து நுழையாத நிபுணர் என்று எழுதியது தன்னைத்தானா என்று கேட்டார். எத்தனை லயம் பார்த்திருக்கிறீர்கள் என்று தன்னிடம் கேட்டிருக்கலாமே என்றார். கேட்டிருக்க வேண்டும் என்றேன். அதற்கு மேல் நான் மன்னிப்பை நீட்டவில்லை. கையிலிருந்த வேலையைப் பற்றிப் பேசினேன். உங்கள் அலுவலகத்தில் தமிழ் சரியாகப் பேசும் ஒருவர் இருக்கிறார், என்னால் அவருடைய வாய் மூடப்பட்டிருக்கிறது, அதைத் திறந்து விடுங்கள். என்னை நம்ப வேண்டாம், இந்தக் காகிதத்தைப் பாருங்கள். அவர் இரண்டு பிரதிகளையும் மிஸ்ஸியிடம் கொடுத்து வாசித்து அர்த்தம் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, அடுக்கி வைத்திருந்த கட்டை அப்படியே உள்ளே எடுத்துப்போகச் சொன்னார். நாளை காலை பெரட்டுக்கு மிஸ்ஸியோடு நீங்களும் போங்கள் என்றார்.

பெரட்டுக் களத்தில் பனி விலகாத நேரம். கான் வெட்டும் குழு ஒரு பக்கமாக மண்வெட்டிகளை ஊன்றி நின்றது. நான் என் திருத்தத்தை வாசித்தேன். பழைய பதிவு வாசிக்கப்பட்ட அதே இடத்தில், அதே சத்தத்தில். வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அண்ணே, அன்னிக்கு எழுதினதை நம்புறதா, இன்னிக்குச் சொல்றதை நம்புறதா? நாளைக்கு வேற ஒண்ணு எழுதுவீங்களா?"

நல்ல கேள்வி. "என்னைய நம்ப வேணாம்" என்றேன். "நான் டொக்டரும் இல்ல. அன்னிக்கு யார்கிட்டயும் கேக்காம எழுதினேன், இன்னிக்குக் கேட்டுட்டு வந்திருக்கேன். ஒங்களுக்கும் கேக்க வேண்டியது இருந்தா இதோ மிஸ்ஸி நிக்கிறாங்க, அவங்ககிட்ட கேளுங்க."

கேட்டார்கள். காய்ச்சல் இல்லாமல் ஏன் குடிக்க வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். என் மூன்றாம் பத்தி, வரி மாறாமல். மிஸ்ஸி மண்வெட்டியைக் காட்டினார். "கான்ல தண்ணி வந்த பொறகா கான வெட்டுவீங்க? மழைக்கு முந்தி வெட்டுறீங்கதானே? அது மாதிரித்தான் இது." சிலர் தலையாட்டினார்கள். ஆனாலும் யாரும் முதலில் கை நீட்டவில்லை. கங்காணி, பவுசர் நின்றுவிடுமா என்று என் காதருகில் கேட்டார். குழாயைப் பற்றித் தனியாக எழுதப் போகிறேன், இந்தத் தடவை அளந்து பார்த்துவிட்டு எழுதுவேன் என்றேன்.

மனைவி வார்டிலிருந்து போன் செய்தது அப்போதுதான். தம்பி பேச வேண்டும் என்கிறான் என்றாள். சத்தத்தைக் கூட்டிக் கையை உயர்த்திப் பிடித்தேன். தொண்டை கட்டிய குரல் களம் முழுக்கக் கேட்டது.

"டேய், எலிக்குக் குடுத்தது போதும். நீங்க குடிங்கடா. எனக்கு மூத்திரம் அளந்து ஊத்துறதுக்குப் போத்தல் குடுத்திருக்கானுக. ஒங்களுக்கும் வேணுமா?"

சிரிப்பு வெடித்தது. கேள்வி கேட்ட பின்வரிசைக்காரன்தான் முதலில் வந்தான். "நான் ரொட்டி தின்னுட்டுத்தான் வந்தேன் மிஸ்ஸி, குளிக்கத்தான் இல்ல, பரவாயில்லையா?" என்றான். மிஸ்ஸி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிக் குளிசையைக் கையில் வைத்தார். மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள்.

மச்சினனின் சிறுநீரகம் தப்பியது. கால் வலுப்பதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அதுவரை மலையில் ஏறாமல் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை கொடுத்தார்கள். அவன் பொய் சொன்னதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை. பவுசர் குறைந்தது. குழாயைப் பற்றி மூன்றாவதாக எழுதிய கட்டுரையில் எல்லா எண்களும் நானே பார்த்தவை, எல்லாப் பக்கமும் கேட்டவை. தோட்டத்து நிர்வாகம் பதில் எழுத வேண்டியதாகிவிட்டது. குழாயில் இப்போது தண்ணீர் வருகிறது, இறப்பர் டியூப் சுற்றிய இணைப்போடு. அந்த இணைப்பைப் பற்றியும் எழுதுவேன். நிபுணர்களைக் கேள்வி கேட்பதை நான் நிறுத்தவில்லை. இப்போது கேள்வியை அவர்களிடம் கேட்கிறேன்.

அடுத்த மழைக்கு மிஸ்ஸியின் குரல் பதிவு திரும்ப வந்தது. மச்சினன்தான் எனக்கு அனுப்பினான், குறிப்பு எதுவும் இல்லாமல். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். கான் வெட்டுகிறவர்கள், கல் குழியில் இறங்குகிறவர்கள், சாப்பிட்டுவிட்டு, வாரம் ஒரு தடவை. எல்லாம் பழையபடிதான். பிறகு:

"முழுகாம இருக்கிறவங்க குடிக்க வேணாம். முழுகாம இருக்கிறவங்கன்னா புள்ளத்தாச்சிங்க. ஒங்களுக்குத் தெரியும். எழுதுறவங்களுக்காகச் சொல்றேன்."

இரண்டாவது தடவையும் கேட்டேன். பிறகு மச்சினனுக்குப் போன் செய்து, குடித்தாயா என்று கேட்டேன்.

"குடிச்சிட்டேன் மச்சான்" என்றான். "குளிச்சிட்டுத்தான் குடிச்சேன்."